அம்மாவின் பேட்டரி பூனை: ரெண்டு வருஷ அனுபவம்

மறதி நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்கு ரோபோ வாங்கலாமா என்று யாராவது கேட்டால், யாருக்காக வாங்குகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். எங்கள் வீட்டில் ரெண்டு இருக்கின்றன. தரையைக் கூட்டித் துடைக்கும் ரோபோவால் எனக்கு உதவி. அம்மாவுக்கு உதவி, ஒரு வேலையும் செய்யாத பேட்டரி பூனையால். ரெண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

பூனை 'ஜாய் ஃபார் ஆல்' வகை. பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2015-ல் பெரியவர்களுக்கென்றே கொண்டுவந்தது. 2018-லிருந்து ஏஜ்லெஸ் இன்னொவேஷன் என்ற தனி நிறுவனம் விற்கிறது. அமெரிக்காவிலிருந்து தம்பி ஊருக்கு வரும்போது எடுத்துவந்தான். முதுகைத் தடவினால் உள்ளே அதிர்ந்து, குர்ர் என்று சத்தம் வரும். கண் சிமிட்டும், முன்னங்காலைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோகும், சில சமயம் ஒருக்களித்துப் புரண்டு வயிற்றைக் காட்டும். நடக்காது. வைஃபை, ஆப், கேமரா எதுவும் கிடையாது.

சாயந்திரமானால் அம்மாவுக்குப் பதற்றம் ஏறும். "நேரமாச்சு கண்ணு, ஊட்டுக்குப் போகோணும்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அவர் சொல்வது கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருந்த தோட்டத்து வீடு; அதை விற்று எத்தனையோ வருஷமாகிறது. அந்த நேரத்தில் பூனையை மடியில் வைத்து, அவர் கையை எடுத்து அதன் முதுகில் வைத்தால் பேச்சு மாறிவிடும். "அம்முணிக்குப் பசிக்குமே, பால் காச்சினயா?" அம்முணி என்பது அம்மாவே வைத்த பெயர். ஊட்டுக்குப் போகோணும் என்ற தவிப்பு, இதற்குச் சோறு வைக்கோணும் என்ற அக்கறையாக மாறும்போது முகமே தெளிகிறது. எல்லா நாளும் இப்படி நடக்காது. பூனையும் பலிக்காத நாளில் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை நடந்துவிட்டு வருவோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். பூனையைக் கொடுத்துவிட்டு நாங்கள் வேலையைப் பார்க்கப் போனால், அஞ்சு நிமிஷத்தில் அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிடுவார். நானோ, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க தோட்டத்துல எத்தனை பூனைம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடும். அந்தத் தோட்டம், கட்டுத்தறி, மாடுகளின் பெயர்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆள் இல்லாத குறைக்கு இதை வாங்குபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பக்கத்தில் ஆள் வேண்டும்.

சாப்பாடுதான் பெரிய பாடு. ஒரு நாள் மத்தியானம் தயிர் சாதத்தைப் பிசைந்து பூனையின் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தாடை முடியெல்லாம் சோறு அப்பியிருந்தது. "ஒண்ணுமே திங்க மாட்டீங்குது, ஒடம்பு சரியில்லையாட்ட இருக்குது" என்று கண் கலங்கிவிட்டார். இதைத் தண்ணீரில் போட்டு அலச முடியாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்ததும் சீப்பால் வாரிவிட்டேன். அதற்கப்புறம் அம்மா சாப்பிட உட்காரும் முன்பே, "அம்முணி இப்பத்தான் பால் குடிச்சுதும்மா" என்று சொல்லிவிடுவோம். பெரியவரை ஏமாற்றுவதாகாதா என்று தம்பி கேட்டான். இது நிஜப் பூனை என்று நாங்களாக ஒருநாளும் சொன்னதில்லை. தெளிவாக இருக்கும் நாட்களில் அம்மாவே "பேட்டரி போட்ட பூனை" என்கிறார். சொல்லிக்கொண்டே தடவியும் கொடுக்கிறார். அதனால் எனக்கு மனது உறுத்தவில்லை.

நாலு சி சைஸ் பேட்டரி போட வேண்டும். நம்மூர்க் கடைகளில் பென்சில் பேட்டரி கிடைப்பது போல இது சுலபமாகக் கிடைக்காது. ஆன்லைனில் வாங்கி இருப்பு வைத்திருக்கிறேன். சார்ஜ் தீர்ந்து அசைவு நின்றுவிட்டால் அம்மா பயந்துபோகிறார் என்பதால், மந்தமாகத் தெரியும்போதே ராத்திரி அவர் தூங்கின பிறகு மாற்றிவிடுகிறேன்.

மறதி ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் மகள் இதேபோல ஒன்றைக் கொடுக்க, "என்னைக் கொழந்தைன்னு நெனச்சியா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது.

ஜப்பானின் பாரோவைப் பற்றியும் கேட்கிறார்கள். தகனோரி ஷிபாட்டா என்ற பொறியாளர் உருவாக்கிய, வெள்ளை சீல் (கடல்நாய்) குட்டி வடிவ ரோபோ அது. 2009-ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாகவே அனுமதி பெற்றது. விலை சுமார் 6,000 டாலர். நாய், பூனை என்றால் மக்கள் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள், சீலை யாரும் அருகில் பார்த்ததில்லை என்பதால் அந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் என் அம்மாவுக்குப் பூனை பழகிய பிராணி என்பதே பெரிய பலமாக இருந்தது. மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பாரோ பொருந்தலாம். வீட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

தரை துடைக்கும் ரோபோவால் என் இடுப்பு வலி குறைந்தது. பிரஷ்ஷில் சுற்றும் நீள முடியை வாரா வாரம் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். பூஜையறைக் கோலத்தை அழித்துவிடும் என்பதால் ஆப்பில் அந்த அறையைத் தடை செய்திருக்கிறேன். முக்கியமாக, வயதானவர் நடமாடும்போது அதை ஓட விடாதீர்கள். காலடியில் தாழ்வாக வரும் பொருள் அவர்கள் கண்ணில் படாது. தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அம்மா மத்தியானம் படுத்த பிறகுதான் நான் ஓட்டுகிறேன்.

பேசும் ரோபோ வாங்க நினைப்பவர்கள் ரெண்டு விஷயம் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பேசும் தமிழ் அதற்குப் புரிகிறதா என்று அவரையே பேச வைத்துப் பாருங்கள். அப்புறம், நிறுவனத்தின் சர்வர் (இணையம் வழியே ரோபோவை இயக்கும் கணினி) நின்றுபோனால் எவ்வளவு வேலை செய்யும் என்று கேளுங்கள். ஜிபோ என்ற வீட்டு ரோபோ 2019-ல், தன் சர்வர்கள் நிறுத்தப்படப்போவதைத் தானே சொந்தக்காரர்களிடம் சொல்லி விடைபெற்றது. மறதி உள்ளவர் ஒரு குரலுக்குப் பழகிவிட்ட பிறகு அப்படி நடந்தால் அவருக்கு எப்படி விளக்குவது? பேட்டரி மாற்றினால் இயங்கும் பூனையில் அந்தப் பயம் இல்லை. நாய் வளர்த்த வீடு என்றால், அதே நிறுவனத்தில் நாய்க்குட்டியும் இருக்கிறது.