பேனலுக்குள் டிரைவ்: சூட்டுக்கு எந்த வழி, இரைச்சலுக்கு எந்த வழி?

பெங்களூரின் பீனியா, பொம்மசந்திரா பகுதிகளில் பேனல் (மின்கருவிகளை அடக்கும் இரும்புப் பெட்டி) கட்டும் பல பட்டறைகளில், மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான டிரைவுக்குரிய குளிர்விப்பை ஒருவரும் கேபிளை இன்னொருவரும் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் கேரியர் ஃப்ரீக்வென்சி, அதாவது டிரைவ் மின்சாரத்தை நொடிக்கு எத்தனை முறை விட்டுவிட்டு அனுப்புகிறது என்னும் ஒரே அமைப்பு, சூட்டையும் மற்றக் கருவிகளைக் குழப்பும் மின்னிரைச்சலையும் ஒருசேர மாற்றுகிறது. அதைக் கூட்டினால் மோட்டாரின் கீச்சொலி குறையும். ஆனால் டிரைவுக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. எனும் மின்னணு ஸ்விட்ச்கள் நொடிக்குக் கூடுதல் முறை திறந்து மூடுவதால் சூடு ஏறும், எர்த்துக்குக் கசியும் மின்னோட்டமும் ஏறும். பம்ப், புளோயர் போன்றவற்றில் 8 கிலோஹெர்ட்ஸில் கிடப்பதை 4க்கோ 2க்கோ இறக்குவதற்குக் காசு செலவில்லை. பொருள் வாங்கப் போவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கணக்குக்கு 15 கிலோவாட் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 450 வாட், வெப்பமாக வெளிப்படும். காற்றுப்படும் பரப்பு 2 சதுர மீட்டர் உள்ள, பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியோ, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 11 வாட்டைத்தான் தன் சுவர்கள் வழியே வெளியேற்றும். முழுவதும் மூடி வைத்தால் உட்புறம் வெளியைவிட 40 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் என்பதால் அந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம். பெரும்பாலான டிரைவ்களின் முழுத்திறன் 40 டிகிரி வரைக்கும்தான். 2016 ஏப்ரலில் பெங்களூரிலேயே 39.2 டிகிரி பதிவானது. ஷீட் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். (உயரத்துக்காகத் திறனைக் குறைப்பது பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல்தான், ஊர் சுமார் 900 மீட்டரில் இருப்பதால் அந்தத் தொல்லை மட்டும் இல்லை.)

எஞ்சிய மூன்று வழிகளில் ஃபில்டர் ஃபேன் மலிவானது. உள்ளே 10 டிகிரி ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்வதானால் இந்த டிரைவுக்கு மணிக்கு 140 கன மீட்டர் காற்று போதும். ஃபேன் கீழிருந்து காற்றை உள்ளே தள்ள வேண்டும். மேலே வைத்து வெளியே உறிஞ்சினால், ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகவெல்லாம் தூசி நுழையும். பவுடர் கோட்டிங் பட்டறையிலும் கிரைண்டிங் நடக்கும் இடத்திலும் ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும். அதன்பின் ஃபேன் சுற்றும், காற்று வராது. ஃபில்டர் மாற்ற ஆள் இல்லாத தொழிற்சாலைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

பேனல் ஏசி தூசியை முற்றாகத் தடுக்கும். வெளிச்சூட்டைவிட உட்சூடு குறைவாக இருந்தே ஆக வேண்டிய ஃபவுண்டரி போன்ற இடங்களில் அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. மற்ற இடங்களில் அது வீண் செலவு. அதை 22 டிகிரியில் வைத்துவிட்டு மழைக்காலத்தில் கதவைத் திறந்தால், குளிர்ந்த பஸ்பாரிலும் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) போர்டிலும் ஈரம் படியும். 35 டிகிரியே போதுமானது.

புதிதாகப் பேனல் கட்டுவோருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: பின்தகட்டை வெட்டி, சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளான ஹீட் சிங்கை வெளியே நீட்டி டிரைவைப் பொருத்துவது. வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் பேனலுக்குள் வராமலேயே போய்விடும். மீதி 135 வாட்டுக்கு, அதே பெட்டி மூடியிருந்தாலும் ஏற்றம் 12 டிகிரி அளவில் நிற்கும். கோடை உச்சத்தையும் தாங்க, ஒரு படி பெரிய டிரைவாக எடுத்தால் போதும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூசி புகாதிருக்க வைக்கும் ரப்பர் கேஸ்கெட், டிரைவுக்கும் பேனலுக்கும் இடையிலான உலோகத் தொடர்பைத் துண்டித்துவிடும். ஆகவே டிரைவின் எர்த் முனையிலிருந்து பேனலுக்குத் தட்டையான பின்னல் பட்டை ஒன்றைத் தனியே கொடுத்தாக வேண்டும்.

ஃபேனுக்கு வெட்டிய ஓட்டை வழியே இரைச்சல் வெளியேறும் என்று அஞ்சுவோர் உண்டு. 30 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமே 10 மீட்டர் என்பதால், அதற்குக் கீழுள்ள இரைச்சலுக்கு ஒரு சாண் ஓட்டை பெரிய வாசலல்ல. உண்மையான ஆன்டெனா மோட்டார் கேபிள்தான். முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட் மட்டுமே தரும், எடையை அளக்கும் லோடு செல்லின் வயர் அதே டிரேயில் ஓடினால், எடைக் காட்டியின் கடைசி இலக்கங்கள் ஆடத் தொடங்கும்.

இங்கே போட்டி, மேலே உலோகப் பின்னல் போர்த்திய ஷீல்டு கேபிளுக்கும், சாதாரணக் கேபிளோடு வைக்கும், மின்னிரைச்சலை வடிகட்டும் இ.எம்.ஐ. ஃபில்டருக்கும் இடையில். டிரைவின் உள்வரும் பக்கத்தில் வைக்கும் ஃபில்டர், சப்ளை லைனுக்குத் திரும்பும் இரைச்சலைத்தான் பிடிக்கும். மோட்டார் கேபிளிலிருந்து பக்கத்து வயருக்குத் தாவுவதை அதனால் நிறுத்த முடியாது. ஆகவே எடைக் காட்டி ஆடுகிறது என்றால் ஷீல்டு கேபிளுக்கே என் ஓட்டு. ஆனால் ஷீல்டை முறுக்கி வால்போலாக்கி எர்த் போல்ட்டில் மாட்டினால், உயர் அதிர்வெண்ணில் அதன் பயன் பெரும்பாலும் போய்விடும். பெயின்ட் அடிக்காத, துத்தநாகம் பூசிய மவுண்டிங் பிளேட்டில், சுற்றிலும் பின்னலைக் கவ்வும் கிளாம்பால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெயின்ட் இருந்தால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். சிக்னல் வயரை 30 சென்டிமீட்டராவது தள்ளி ஓட்டி, கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும்.

ஃபில்டர் தேவைப்படுவது, அதே சப்ளையில் உள்ள மற்றக் கருவிகள் தொல்லைப்படும்போது. அதன் கண்டன்சர்கள் எர்த்துக்கு மின்னோட்டத்தைக் கசியவிடுவதால், எர்த் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. காரணமின்றி டிரிப் ஆவதுபோல் தோன்றும். அப்போது சிலர் எர்த் வயரையே கழற்றிவிடுகிறார்கள். டிரிப் நிற்கும், ஆனால் அந்தக் கசிவு பேனலின் உடம்பிலேயே நிற்கும், தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.