அரிசி ஆலைக்குள் ஒன்பது சுற்று விருந்து: 31,500 ரூபாய் போன கதை

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்று செவ்வாய். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறுவதாகத் தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ‘பழைய ரைஸ் மில்லுக்குள் டேஸ்டிங் மெனு’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெயர் போடவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் வேண்டாம் என்கிறார். கடையோ போர்டோ இல்லாமல், இன்ஸ்டாகிராமில் மட்டும் இருக்கிற ஒரு பாப்-அப் விருந்துக் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 70 முடிந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் 31 வருடம் கணக்கெழுதியவர். ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆகியும் கையில் அரிசி கிடைத்தால் இரண்டு மணியை எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவருக்கு, உமி அடுப்பும் நெல் அவிக்கும் தொட்டியும் இருந்த இடத்தில் ஒன்பது பாரம்பரிய அரிசி, ஒன்பது சுற்று என்று விருந்து வைத்தால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, காட்டுயானம், குள்ளக்கார், கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா, கடைசியில் கருப்புக் கவுனி. தலைக்கு 4,500. நாங்கள் ஏழு பேர், குழந்தைகளுக்கும் அதே விலை. மொத்தம் 31,500 ரூபாய், முழுவதும் முன்பணம்.

அவ்வளவு பணத்தை முன்பின் தெரியாதவருக்கு ஏன் அனுப்பினாய் என்று என் தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரணம் ஒரு போன் பேச்சு. பேசியவர் விலையைப் பற்றி எடுக்கவே இல்லை. அப்பா வேலை பார்த்த ஆலையில் உமி நீக்கும் மெஷின் ஹல்லரா ஷெல்லரா என்று கேட்டார். நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்ட கதையைச் சொன்னார். அப்புறம், “ஐயாவுக்குப் பல் எப்படி சார்? கடிக்க முடியுமா, குழைவாச் செய்யச் சொல்லட்டுமா?” என்றார். பெற்ற பிள்ளை எனக்கே தோன்றாத கேள்வி. அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். போனை வைத்த கையோடு ஜிபேயில் 31,500 போட்டேன். திரையில் வந்தது குழுவின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அக்கவுண்டன்ட்டாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புரட்டாசி என்பதால் ஏழு பேருக்கும் சுத்த சைவம் என்று வாட்ஸாப்பிலும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் பதில் வந்தது.

ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். இடம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. களத்தில் மேசைகள், புகைபோக்கியைச் சுற்றி மஞ்சள் விளக்கு. அப்பா உள்ளே போய்ச் சுவரைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் தவிட்டு வாசனை போகலடா” என்றார். என் 31,500 அங்கேயே வசூலாகிவிட்டது என்று நினைத்தேன்.

முதல் சுற்று வந்தது எட்டு நாற்பதுக்கு. பித்தளை டம்ளரில் கால்வாசி, ஆறிப்போன மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி. அடுத்தது பூங்கார்க் கொழுக்கட்டை, நெல்லிக்காய் அளவில் ஆளுக்கு ஒன்று. டேஸ்டிங் மெனு என்றால் ஒரு வாய், இரண்டு வாய்தான் வரும் என்பது எனக்கும் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை. மூன்றாவதாகத் தூயமல்லி ரசம் சாதம் வந்தபோதுதான் அப்பா இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கினார்.

“தம்பி, இது தூயமல்லின்னு யார் சொன்னா?”

பரிமாறிய பையன், “செஃப் சொன்னாருங்க ஐயா” என்றான்.

“இது சி.ஆர். 1009. குண்டரிசி. இட்லிக்குப் போடுறது.”

பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். செஃப் கடைசிவரை வெளியே வரவில்லை. விளம்பரத்தில் படம் போட்டிருந்த ஆள் அன்று ஊரிலேயே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நான்காவது சுற்றில் கிச்சிலிச் சம்பாவோடு ஒரு தொக்கு. அம்மா வாயில் வைத்தவுடன் முகம் மாறியது. கேட்டதற்கு, “சைவம்தாம்மா, வாசனைக்குக் கொஞ்சம் கருவாட்டுப் பொடி” என்கிறான். புரட்டாசி சனிக்கிழமை! அம்மா எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து அதற்குப் பிறகு தண்ணீர்கூடத் தொடவில்லை.

பத்தேகாலுக்கு ஜெனரேட்டர் நின்றது. இருட்டில் ஒருவர் வந்து, நேரமாகிவிட்டதால் நேராக இனிப்புக்குப் போய்விடலாம் என்றார். கருங்குறுவை, காட்டுயானம், குள்ளக்கார், சீரகச் சம்பா நான்கும் காணாமல் போயின. வந்தது கவுனி. கவுனியை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். இது நறநற என்றது. அப்பா ஒரு கரண்டி மென்று பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பல்லைப் பற்றி விசாரித்தார்களே, அதற்குத்தான் போலிருக்கிறது.

இதோடு விட்டார்களா? கிளம்பும்போது பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ், 3,150 ரூபாய். அப்பா பக்கத்தில் நிற்கிறார், பிறந்தநாள், வாக்குவாதம் வேண்டாம் என்று கட்டித் தொலைத்தேன். ஹோட்டல்கள் தாமாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டதும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்ததும் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது. பதினொன்றரைக்குத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஏழு பேரும் இட்லிக்கு உட்கார்ந்தோம். 640 ரூபாய். அம்மா அதையும் தொடவில்லை.

ஞாயிறு காலை போன் செய்தேன். அதே இனிமையான குரல். “செஃப் டிராவல்ல இருக்கார் சார், திங்கட்கிழமை கண்டிப்பாப் பேசறேன்.” திங்கட்கிழமை, “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று ஒரு மெசேஜ். வராத நான்கு சுற்றுக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். மெனு செஃபின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று பதில். கருவாட்டைப் பற்றிக் கேட்டதற்கு நீல டிக் மட்டும். சாயங்காலம் அடுத்த விருந்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அதாவது 31,500ஐ வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்கிறார்கள். தங்கை அவர்கள் பக்கத்தில் கமென்ட் போட்டாள், பத்து நிமிஷத்தில் பிளாக்.

பில் கேட்டு வாங்கியதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அந்த 14 இலக்க எண் 2022 ஜனவரியிலிருந்து பில்லில் கட்டாயம். இன்று 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முழுப் பணமும் முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் தனி ஆள் பெயரில் போகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். உரிம எண்ணை முதலிலேயே கேளுங்கள். சைவம் என்றால் கட்டைவிரலை நம்பாதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அவ்வளவுதான்.

இதை எழுதும்போது தங்கை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமைக்கு அதே மில், அதே மஞ்சள் விளக்கு, ‘எட்டு இடங்கள் மட்டுமே மீதம்’. தலைக்கு 5,200 ஆக்கியிருக்கிறார்கள். படத்தில் களத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பெரியவர் என் அப்பா.