குப்பியில் தயாரான கலவையா, கிருமிக்கேற்ற ஃபேஜா?

ஆன்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியாவை, அதையே தாக்கும் வைரஸைக் (ஃபேஜ்) கொண்டு அழிப்பது ஃபேஜ் சிகிச்சை. பல ஃபேஜ்களை முன்பே கலந்து குப்பியில் அடைத்து வைப்பது ஒரு வழி. நோயாளியின் கிருமியை வளர்த்துப் பார்த்து, அதற்குப் பொருந்தும் ஃபேஜைத் தேடிப்பிடிப்பது இன்னொரு வழி.

கலவையின் தாய்வீடு ஜார்ஜியாவின் திபிலிசி. 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் கலவைகளைத் தயாரிக்கிறது. காத்திருக்க வேண்டாம், திறந்ததும் கொடுக்கலாம். இது பெரிய வசதிதான். ஆனால் பிரான்ஸும் பெல்ஜியமும் சேர்ந்து தீப்புண் நோயாளிகளிடம் நடத்திய ஃபேஜோபர்ன் சோதனையைப் பாருங்கள். புண்ணில் தொற்றும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு எதிராக 12 ஃபேஜ்கள் கொண்ட கலவை. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் என்பது திட்டம். தயாரித்த பிறகு வீரியம் சரிந்து, புண்ணில் போய்ச் சேர்ந்தது 10 முதல் 100 வரைதான். வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பே வேகமாக வேலை செய்தது. ஃபேஜ் தோற்றது என்பதைவிட, அளவு தோற்றது என்பதே சரி.

டாக்காவில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளிடம் நடந்த சோதனை (2016இல் வெளியானது) வேறு பாடம். கொடுத்த ஃபேஜ் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கானது, குழந்தைகளின் குடலிலோ ஈ.கோலை சிறு பங்குதான். இரை குறைவாக இருந்தால் ஃபேஜ் பெருகாது.

இரண்டாவது வழி மெதுவானது. கழிவுநீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லியை நோயாளியின் பாக்டீரியாவோடு மென் அகாரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) கலந்து தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். அகார் அதிகமாகச் சுட்டால் பாக்டீரியா செத்துவிடும், தட்டு வீண். காலையில் பாக்டீரியாப் படலத்தில் ஊசிமுனை அளவு தெளிந்த வட்டங்கள் தெரியும்; ஒவ்வொன்றும் ஒரு ஃபேஜ் பெருகிப் பாக்டீரியாவை அழித்த இடம். பத்து லட்சம் மடங்கு நீர்த்த தட்டில் 45 வட்டங்கள் என்றால், மூலக் கரைசலில் மில்லிக்கு 45 கோடி ஃபேஜ். வட்டம் மங்கலாக இருந்தால், பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவிலேயே குடியேறும் வகையோ என்று சந்தேகிக்க வேண்டும். குடலில் இந்த வகை ஏராளம். காலரா நச்சு மரபணுவைச் சுமப்பதும் இப்படிப்பட்ட ஒரு ஃபேஜ்தான். அதனால் மரபணுவை முழுதாகப் படிக்காமல் எதையும் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் செலுத்துவதாக இருந்தால், உடைந்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சையும் நீக்கியாக வேண்டும். எஞ்சினால் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும்.

தேடினால் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. லண்டனில் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற பாக்டீரியா தொற்றிய 15 வயதுப் பெண்ணுக்கு (2019இல் வெளியான சிகிச்சை), அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உள்ள பெரும் ஃபேஜ் சேகரிப்பிலிருந்து மூன்று ஃபேஜ்களே தேறின. அவற்றிலும் இரண்டை மரபணு மாற்றித்தான் பயன்படுத்த முடிந்தது.

நாள்பட்ட எலும்பு, நுரையீரல் தொற்றுகளுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். பெல்ஜியம் ஒருங்கிணைத்த 100 சிகிச்சைகளில் சுமார் 77 சதவீதத்தில் நிலைமை தேறியது, 61 சதவீதத்தில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஆன்டிபயாடிக் சேர்க்காதபோது ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு ஃபேஜை மட்டும் நம்ப வேண்டாம்.

அவசரத்துக்குக் கலவைதான் கையில் இருக்கிறதா? நோயாளியின் கிருமி மேல் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் தட்டு தெளிகிறதா என்று பாருங்கள். குப்பியில் அச்சிட்ட எண்ணிக்கையை நம்பாமல், கொடுக்கப்போகும் வாரத்திலேயே வட்டங்களை மறுபடி எண்ணுங்கள்.