மலையகத்தில் 16 ஸ்லைஸ் சி.ரி. ஸ்கேனர்: ஆண்டுக்கணக்கான பயன்பாட்டின் பின்

நுவரெலியா மாவட்டத்தில், 16 ஸ்லைஸ் சி.ரி. ஸ்கேனர் (ஒரு சுழற்சியில் உடலின் 16 குறுக்குவெட்டுகளைப் படமெடுக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம்) ஒன்றில் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றிவரும் கதிர்ப்படப்பிடிப்பாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஸ்கேனரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது ஸ்லைஸ் எண்ணிக்கையைத்தான். ஆனால் அன்றாட வேலையில் படத்தின் தரத்தை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை, கதிரைப் பதிவுசெய்யும் உணரியை வந்தடையும் ஃபோட்டோன்களின் (கதிர்த்துகள்களின்) அளவும் நோயாளியை நாம் கிடத்தும் விதமுமே என்பது என் உறுதியான கருத்து.

திசுக்கள் கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் நீர் 0, காற்று -1000 என்றிருக்க, மூளையின் வெண்பொருளுக்கும் சாம்பல்பொருளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பத்து அலகுகளைச் சுற்றியே இருக்கிறது. பக்கவாதத்தின் ஆரம்ப மணித்தியாலங்களில் அந்தச் சிறு வேறுபாடு மங்குகிறதா என்றே பார்க்கிறோம். இரைச்சல் (படத்தில் தெரியும் மணல்மணலான புள்ளிகள்) ஃபோட்டோன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக மாறுவதாலும், மெல்லிய வெட்டுக்குக் குறைந்த ஃபோட்டோன்களே கிடைப்பதாலும், 5 மில்லிமீற்றர் தடிப்பில் தெளிவாயிருந்த தரவை 1.25 மில்லிமீற்றரில் மீள்கட்டமைக்கும்போது இரைச்சல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. எனவே மூளைத் திசுவுக்குத் தடித்த வெட்டுகளையும் எலும்பு முறிவுக்கு மெல்லிய வெட்டுகளையும் ஒரே ஸ்கேனிலிருந்தே எடுக்கிறோம்; நோயாளிக்கு மேலதிகக் கதிர்வீச்சு இல்லை.

உலோகம் படத்தில் கோடுகளை விழச் செய்யும் என்றாலும், மூக்குத்தியைக் கழற்றத் தயங்கும் தோட்டத்துப் பெண்களை வற்புறுத்த வேண்டியதில்லை. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி வைத்தால், மூளைக்கான ஸ்கேன் எல்லைக்கு வெளியே மூக்கு போய்விடுகிறது. கண்வில்லை பெறும் கதிர்வீச்சும் குறைகிறது.

வயிற்று ஸ்கேன்தான் கடினம். நெடுங்காலம் கொழுந்து பறித்துத் தோள் இறுகிப்போன ஒரு மூதாட்டியிடம், "அம்மா, கையைத் தலைக்கு மேல வைங்க" என்றால், "ஏலாதுங்கய்யா" என்ற பதிலே வரும். கைகளை உடலின் இருபுறமும் விட்டால் ஈரலின் குறுக்கே கோடுகள் விழும். வயிற்றின் மேல் தலையணை வைத்து அதன்மேல் கைகளைச் சாய்த்து வைக்கும்போது அக்கோடுகள் கணிசமாகக் குறைகின்றன. முதுகு கூனிய நோயாளிகளில் மேசையின் உயரத்தையும் கவனமாகச் சரிசெய்ய வேண்டும்: உடல் மையத்திலிருந்து விலகினால் போ-டை வடிகட்டியின் (நடுவில் மெல்லியதாய், ஓரங்களில் தடித்து, கதிரை உடலின் வடிவுக்கேற்ப மட்டுப்படுத்தும் தகட்டின்) தடித்த விளிம்பு உடலின் தடித்த பகுதிக்கு நேரே வந்துவிடும், முன்னோட்டப் படத்தில் உடல் கதிர்க்குழாயை நெருங்கியிருந்தால் அது பெரிதாகத் தெரிந்து, தானியங்கி மின்னோட்டக் கட்டுப்பாடு தேவைக்கு மேல் கதிர்வீச்சைக் கொடுத்துவிடும்.

இயந்திரத்தின் பெரிய குறை பராமரிப்பே. குளிர்ந்த இரவில் மின்சாரம் போய் அறையின் வெப்பநிலையும் ஈரப்பதனும் மாறிவிட்டால், காலையில் படத்தின் நடுவே வளையங்கள் தோன்றுவதுண்டு. உணரியின் ஒரு கூறு மட்டும் அளவு பிசகினாலே, சுழற்சியின்போது அது ஒரு வட்டத்தை வரைந்துவிடும். அறை பழைய நிலைக்கு வந்த பின், கதிர்க்குழாயைச் சூடாக்கிக் காற்று அளவுத்திருத்தத்தை (உள்ளே எதுவும் வைக்காமல் உணரியைச் சரிப்படுத்துவதை) மீண்டும் செய்தால் பெரும்பாலானவை மறைகின்றன. மறையாதபோது கொழும்பிலிருந்து பொறியியலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. அந்நாட்களில் அவசர நோயாளிகளை மலைப்பாதையில் வேறிடம் அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மெலிந்த உடலினருக்கு குருதிக்குழாய்களைத் தெளிவாகக் காட்ட அயடீன் கலந்த மாறுபொருளை ஏற்றிச் செய்யும் ஸ்கேனில், கதிர்க்குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ற்றிலிருந்து 100 ஆக்குவதையும் பரிந்துரைக்கிறேன். அயடீன் கதிரைத் திடீரெனக் கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலான கே விளிம்பு 33.2 கிலோ இலத்திரன் வோல்ற்றில் இருப்பதால், கதிரின் சராசரி ஆற்றல் அதை நோக்கி இறங்கும்போது குருதிக்குழாய்கள் மேலும் பிரகாசமாகத் தெரிகின்றன. பருமனானவர்களுக்கு இரைச்சல் மிகுந்துவிடும் என்பதால் அவர்களுக்கு 120 ஐயே வைத்திருக்கிறேன்.