டிராட்டோரியாவா, பீட்சேரியாவா, தராசுக் கடையா?

ரோமுக்குப் போகிறேன், நல்ல இத்தாலிய ஹோட்டல் ஒன்று சொல் என்று யாராவது கேட்டால் நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். எந்த வேளைக்கு? கூட யார் வருகிறார்கள்? சென்னையில் நல்ல ஹோட்டல் எது என்று ஒருவர் கேட்டால் டிபனா, சாப்பாடா, பிரியாணியா என்று நாம் கேட்க மாட்டோமா, அந்தக் கணக்குதான். ‘இத்தாலியன் ரெஸ்டாரன்ட்’ என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது இத்தாலிக்கு வெளியில்தான். அங்கே பாஸ்தாவுக்கு ஒரு கடை, பீட்சாவுக்கு இன்னொரு கடை.

வேலை நிமித்தம் எட்டு மாதம் ரோமில் இருந்தேன். டெஸ்டாச்சோ என்ற பேட்டையில் வாடகை வீடு. கொலோசியத்திலிருந்து அரை மணி நேர நடைதான், ஆனாலும் சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத இடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்தின் இறைச்சிக்கூடத்தை இங்கேதான் கட்டினார்கள். 1975 வரை அது இயங்கியது. என் வாசலிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கடைகள்: ஒரு டிராட்டோரியா, ஒரு பீட்சேரியா, பீட்சாவை வெட்டி எடை போட்டு விற்கும் ஒரு சின்னக் கடை. மூன்றாவதைத் தராசுக் கடை என்று சொல்லியே பழகிவிட்டேன். மூன்றிலும் மாறி மாறிச் சாப்பிட்டிருக்கிறேன்.

டிராட்டோரியாவிலிருந்து ஆரம்பிக்கலாம், சொல்வதற்கு அதில்தான் விஷயம் அதிகம். பொதுவாகக் குடும்பமாக நடத்தும் கடை இது. அப்பா கல்லாவில், மகன் பரிமாறுவார், உள்ளே பாட்டியோ அத்தையோ. மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து மூன்று மணிக்குள் சாத்திவிடுவார்கள். மறுபடி இரவு ஏழரைக்கு. முதல் வாரம் மாலை ஆறு மணிக்குப் பசியோடு போய் நின்றேன். உள்ளே கடைக்காரக் குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான்.

அடுத்த தப்பு ஆர்டர் செய்வதில். முதலில் ஆன்டிபாஸ்டோ, அதாவது கொறிக்கிற ஐட்டம். அப்புறம் பிரீமோ, இது பாஸ்தா. அதற்குப் பின் செகோண்டோ, கறியோ மீனோ. அதற்குத் துணையாகக் கீரை, கிழங்கு எது வேண்டுமானாலும் கொண்டோர்னோ என்று தனியாகச் சொல்ல வேண்டும், தனியாகக் காசு. எல்லாம் சேர்ந்து வந்தால் பாஸ்தாவில் கறியைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். பாஸ்தாத் தட்டு காலியாகி எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் கறி வரவே இல்லை. வந்தபோது வெள்ளைத் தட்டில் வெறும் கறி, தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பிரீமோ, ஒரு கொண்டோர்னோ, கால் லிட்டர் வீட்டு வைன், இவ்வளவு சொன்னாலே போதும் என்று பிடிபட ஒரு மாதம் ஆனது. நான் இருந்தபோது இது இருபது யூரோவுக்குள் முடிந்தது.

ரோமின் பாஸ்தா என்றால் நான்கு: காச்சோ எ பேப்பே, கிரீச்சா, அமாத்ரிச்சானா, கார்போனாரா. நான்குக்கும் பொது, பெகோரினோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ். சீஸும் மிளகும் மட்டும் போட்டால் காச்சோ எ பேப்பே. அதில் பன்றிக் கன்னத்துக் கொழுப்பைச் சேர்த்தால் கிரீச்சா. கிரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்போனாரா. கார்போனாராவில் க்ரீம் கிடையாது. நம்மூர் மால்களில் அந்தப் பெயரில் வெள்ளையாக வழிகிறதே, அதை இவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

என் மேஜையிலிருந்து பார்த்தால் அடுக்களை தெரியும். காச்சோ எ பேப்பே செய்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். துருவிய பெகோரினோவைக் கிண்ணத்தில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுக் குழைப்பார் அந்த அம்மா. மிளகு தனியாகச் சட்டியில் சூடாகியிருக்கும். பாஸ்தாவை அதில் கொட்டி, அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய பிறகுதான் சீஸ் சேரும். எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை. அந்தத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்துதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. சூடு கொஞ்சம் கூடினால் மோர்க்குழம்பு திரிந்துபோகிற மாதிரி சீஸ் கட்டி கட்டியாகிவிடும். ஒருநாள் அப்படி ஆனதையும் பார்த்தேன். அந்தத் தட்டு வெளியே வரவில்லை, ஆனால் உள்ளிருந்து வந்த வசவு கடை முழுக்கக் கேட்டது. (மிளகைப் பார்த்ததும் முசிறி, யவனர் கப்பல் என்று பரிமாறுகிற பையனிடம் நான் ஆரம்பித்தேன். அவனுக்கு அடுத்த மேஜையில் வேலை வந்துவிட்டது.)

நாளும் முக்கியம். வியாழன் என்றால் ந்யோக்கி, உருளைக்கிழங்கு மாவு உருண்டை. வெள்ளி மீன், பெரும்பாலும் உப்புக்கண்டம் போட்ட காட். சனி குடல். நம் மெஸ்களில் ஞாயிறு என்றால் தலைக்கறி என்கிற மாதிரி ஊரே அறிந்த அட்டவணை. டெஸ்டாச்சோவில் சனிக்கிழமைக்குக் கூடுதல் மரியாதை உண்டு. வெட்டிய மாட்டின் நல்ல பாகங்களெல்லாம் காசுள்ளவர்கள் வீட்டுக்குப் போக, மிஞ்சிய வால், குடல், தலை எல்லாம் இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்குக் கூலியோடு கூலியாகக் கிடைத்தன. அதற்கு ‘ஐந்தாவது கால் பங்கு’ என்று பெயர். தக்காளியும் புதினா வாசனையும் பெகோரினோவுமாக வருகிற அந்தக் குடலைச் சாப்பிட மதுரைக்காரர் யாருக்கும் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. காரம் மட்டும் போதாது.

கேட்காமலே ரொட்டிக் கூடை வரும், அது இலவசம் இல்லை. இத்தாலியின் மற்ற ஊர்களில் உட்கார்ந்ததற்கே ‘கொபெர்டோ’ என்று தலைக்கு இரண்டு யூரோ போல வாங்குவார்கள். ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது, ஆகவே பில்லில் ‘ரொட்டி’ என்று எழுதுகிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். நான் அனுப்பியதில்லை. தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கு அங்கே ‘ஸ்கார்பெத்தா’, குட்டிச் செருப்பு, என்று செல்லப் பெயரே இருக்கிறது. இலையை வழித்து நக்கி வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன அனுமதி வேண்டும்?

சாப்பிட்டு முடித்தால் யாரும் துரத்தமாட்டார்கள். நம்மூர் மெஸ்ஸில் கடைசிக் கவளத்துக்கே முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பார். இங்கே நீங்களாகக் கேட்கிற வரைக்கும் பில் வராது. முதல் தடவை நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பீட்சேரியா இதற்கு நேரெதிர். பெரும்பாலும் இரவில் மட்டும்தான். சத்தம், நெருக்கம், காகித விரிப்பு போட்ட மேஜை. உட்கார்ந்த இருபது நிமிடத்தில் பீட்சா வந்துவிடும். நேப்பிள்ஸ் பீட்சாவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அது கையாலேயே பரத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் கொதிக்கிற விறகடுப்பில் வெந்து, ஓரம் உப்பி, நடுவில் தொளதொள என்று இருக்கும். அந்தக் கைவேலைக்கு 2017இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. ரோமில் மாவில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் கட்டையால் தேய்க்கிறார்கள். விளிம்புவரை மெலிசு, மொறுமொறு. அது கல்தோசை என்றால் இது பேப்பர் ரோஸ்ட். எனக்கு ரோஸ்ட்தான் பிடிக்கும். நேப்பிள்ஸ்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஆளுக்கொரு முழு பீட்சா, வெட்டாமல் வரும், கத்தியும் முள்கரண்டியும் கூட வரும். அதற்கு முன்னால் சுப்ளி சொல்லியே ஆக வேண்டும். தக்காளிச் சாற்றில் வெந்த சோற்றை உருட்டி, நடுவில் மொஸரெல்லா வைத்துப் பொரித்த உருண்டை. பிய்த்தால் சீஸ் இரண்டு பாதிக்கும் இடையே கம்பியாக இழுபடும், அதனால் ‘டெலிபோன் சுப்ளி’ என்றும் பெயர். ஐந்தாறு பேராகப் போனால் பீட்சேரியாவுக்கு ஈடில்லை. நான் இருந்தபோது ஆளுக்குப் பதினைந்து யூரோவில் பீரோடு முடிந்தது. தனியாகப் போனால் மூலையில் ஒரு முக்காலியும், எப்போது எழுந்திருப்பான் என்ற பார்வையும்தான் கிடைக்கும்.

தராசுக் கடையில் உட்காரவே இடம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் நீள நீளத் தட்டுகளில் பீட்சா. எவ்வளவு வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் கத்தியை மேலே வைத்துக் காட்டுவார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீங்கள் கை காட்டலாம். பிறகு கத்திரிக்கோலால் சரக்கென்று வெட்டி, தராசில் போட்டு, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, மடித்துக் காகிதத்தில் தருவார். விலை நூறு கிராம் கணக்கில். நான் இருந்தபோது நான்கைந்து யூரோவில் மதியம் ஓடிவிட்டது. தெருமுனைக் குழாயில் நல்ல தண்ணீர் இலவசம், ரோம் முழுக்க இப்படி இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

தராசு என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஊரிலிருந்து வந்த நண்பர்களோடு ஒரு பிரபலமான சதுக்கத்தின் ஓரத்தில், வாசலில் ஆள் நின்று ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட்ட ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். மெனுவில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போட்டோ. மீன் எட்டு யூரோ என்று போட்டிருந்தது, சரி, சல்லிசு என்று சொன்னோம். பில்லில் நாற்பத்தெட்டு. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எத்தோ’ என்று இருந்தது, அதாவது நூறு கிராமுக்கு. மீன் அறுநூறு கிராமாம். அங்கேயும் தராசு இருந்திருக்கிறது, எங்கள் கண்ணில்தான் காட்டவில்லை.

இதுவரை எழுதியது கறி தின்கிறவனின் தீர்ப்பு. மார்ச் மாதம் என் அத்தை பத்து நாள் வந்து தங்கியபோது அது தலைகீழாகிவிட்டது. அத்தை சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. காச்சோ எ பேப்பேதான் இருக்கிறதே என்று பெருமையாக டிராட்டோரியாவுக்கு அழைத்துப் போனேன். போகிற வழியில்தான் உறைத்தது. பெகோரினோ ரோமானோவுக்குப் பாலைத் திரிய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற பொருள். பார்மிஜானோ என்ற மாட்டுப்பால் சீஸுக்குக் கன்றுக்குட்டி. விதியே அப்படித்தான், வேறு வழியில் செய்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

“உறைமோர் விடறதை விட்டுட்டு இதை ஏன்டா விடறாங்க?” என்றார் அத்தை.

எனக்குப் பதில் தெரியவில்லை. புதினாவும் பூண்டும் வைத்து ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த ஆர்டிசோக் மொட்டு இரண்டு வாங்கித் தந்தேன், அது பருவகாலம். “வாழைப்பூ மாதிரி இருக்குடா, ஆனா துவர்ப்பு வேற தினுசு” என்று ரசித்துச் சாப்பிட்டார். பாஸ்தாவைத் தொடவில்லை. அங்கே அவருக்கு அவ்வளவுதான்.

மறுநாள் தராசுக் கடை. வெறும் தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரோஸ்ஸா, சீஸே கிடையாது. பக்கத்தில் உருளைக்கிழங்கை மெலிசாகச் சீவி ரோஸ்மேரி தூவியது, அதிலும் சீஸ் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அத்தைக்கு அது போதும். மூன்றாம் நாள் நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அவரே தனியாகப் போய் வாங்கி வந்திருந்தார். ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாது. “கத்தியை வச்சான், நான் கை காட்டினேன், அவன் தள்ளினான். காய்கறிக்காரன்கிட்டப் பேரம் பேசறதைவிட லேசு.” மீதி நாட்களில் அவர் டிராட்டோரியா பக்கம் வரவில்லை.

எனக்கென்று கேட்டால் வாரநாள் மதியம் டிராட்டோரியா, முடிந்தால் வியாழக்கிழமை. நண்பர் பட்டாளத்தோடு இரவு என்றால் பீட்சேரியா. சைவக்காரர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், கையில் காசு குறைந்தவர்கள், இத்தாலியனைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் தராசுக் கடை.

ஆகஸ்ட் நடுவில் மட்டும் போகாதீர்கள். 15ஆம் தேதி பெரிய விடுமுறை, அதை ஒட்டிப் பேட்டையே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அந்த வருஷம் மூன்று கடையின் ஷட்டரிலும் ‘விடுமுறைக்காக மூடியிருக்கிறது’ என்று கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பத்து நாள் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.