காற்று லைப் ஜக்கெற்: தானாக ஊதுவதா, இழுத்து ஊதுவதா?

போர்க்கப்பலில் உலங்குவானூர்திக்குள் இருப்பவரின் லைப் ஜக்கெற் தண்ணீர் பட்டுத் தானாக ஊதாது. கையால் பிடியை இழுக்க வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் மேலே இருப்பதால், கடலில் விழுந்த உலங்குவானூர்தி பெரும்பாலும் தலைகீழாகப் புரளும். உள்ளே வைத்தே ஜக்கெற் ஊதிவிட்டால், மேலே வந்துவிட்ட தரைப்பலகையோடு ஆள் ஒட்டிக்கொள்வார். 150 நியூட்டன் ஜக்கெற் தருவது ஏறத்தாழ 15 கிலோ தூக்குவிசை. அதை எதிர்த்து மூழ்கிக் கதவைத் தேடுவது நடக்காத காரியம். வெளியே வந்த பிறகுதான் இழுப்பது.

தளத்தில் வேலை செய்பவரின் நிலை வேறு. பல கப்பல்களில் பறப்புக்கு முன் ஓரக் கம்பிகளை வெளிப்பக்கம் மடக்கி வலையாக விரித்துவிடுவார்கள். சுழலியின் கீழ்க்காற்று தள்ளி, தலை அடிபட்டு விழுகிறவர் பிடியை இழுக்க மாட்டார். அவருக்குத் தானியங்கிதான் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தில் 150 நியூட்டன் ஜக்கெற் வாங்குபவரும் இதே கணக்கைத்தான் போட வேண்டும். திறந்த பிளாஸ்டிக் படகில் தனியே தொழிலுக்குப் போகிறவருக்குத் தானியங்கி. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறிக் கீழ்த்தட்டில் உட்கார்ந்து தீவுக்குப் போகிறவருக்கு இழுத்து ஊதும் வகை. நுரை ஜக்கெற்றும் மூடிய தட்டில் மேலே தள்ளும்தான்; அதற்காக ஒன்றும் போடாமல் இருப்பது புத்தியல்ல.

தானியங்கியிலும் இரண்டு உண்டு. மலிவானதில் ஒரு மாத்திரை நனைந்து கரைய, ஊசி 33 கிராம் காபனீரொட்சைட்டுச் சிலிண்டரைக் குத்தும். சில விநாடிகளில் ஊதிவிடும். குறை என்னவென்றால், மாரிகாலத்து ஈரமே மாத்திரையை இளக்கப் போதும். சோளகக் காற்றில் முகத்தில் அடிக்கும் தூவானத்திலும் ஊதலாம். நீரழுத்த வகை 10 சென்ரிமீற்றர் அளவு மூழ்கினால்தான் வேலை செய்யும். உலங்குவானூர்தி கிளப்பும் கடல் தூவானத்துக்குள் நிற்பவருக்கு உகந்தது எங்கள் படகுக்கும் உகந்ததே. விலை கூட, ஆனால் இரண்டில் எடுக்க வேண்டியது இதுதான்.

அதிகம் காணப்படும் பழுது சிலிண்டர் தளர்வது. எஞ்சின் அதிர்வில் மரை மெல்லக் கழன்றுவிடும். ஊசி குத்துமிடத்துக்குச் சிலிண்டர் எட்டாது. கிழமைக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள், ஸ்பானர் வேண்டாம். மொத்த எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும்: 2 கிராமுக்கு மேல் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது, வீசிவிடுங்கள். பையைச் சோதிக்க, வாய்க்குழாயால் ஊதி ஓர் இரவும் பகலும் விட்டுவிடுங்கள். மறுநாள் தளர்ந்திருந்தால் அதுவும் கழிவுதான்.

உப்பை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மாத்திரை வகையானால் முதலில் சிலிண்டரையும் மாத்திரையையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கிணற்றடியிலேயே ஊதிவிடும்.

தொடைவார் (கால்களுக்கு இடையால் போட்டுக் கட்டும் வார்) இல்லாத ஜக்கெற்றை வாங்க வேண்டாம். சாரத்தோடு போடுவது தொல்லை என்று வாரைத் தொங்கவிடும் பழக்கம் இருக்கிறது. தண்ணீரில் ஜக்கெற் காதுவரை ஏறி, முகம் கீழே போகும். கட்டிய பின் வார் நுனிகளைச் செருகிவிடுங்கள். கப்பல் தளத்தில் அது சுழலிக்காகக் கட்டாயம். படகில் வலையில் சிக்காமல் இருக்க. இடுப்புப் பட்டிக்குள் ஒரு கைமுட்டி மட்டும் நுழைய இடம் விட்டால் சரி.

குழந்தைகளுக்கு இது வேண்டாம், பெரும்பாலானவை 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கானவை. பராமரிக்கப் பஞ்சிப்படுபவருக்கும் 100 நியூட்டன் நுரைதான் நம்பிக்கை.

ஒருமுறை ஊதிய சிலிண்டர் மீண்டும் பயன்படாது. வாயுச் சிலிண்டர் விமானப் பார்சலில் ஆபத்துப் பொருள் என்பதால், பிறகு வெளிநாட்டில் இருந்து எடுப்பது இலகுவல்ல. ஜக்கெற் வாங்கும்போதே அதே மாதிரிக்குரிய, சிலிண்டர் அடங்கிய மாற்றுத் தொகுதிகள் இரண்டைச் சேர்த்து வாங்குங்கள். வேறு மாதிரியின் மரை பொருந்தினாலும் ஊசி எட்டாமல் போகலாம்.