இரண்டு இலட்சமாவது கட்டுரை எப்போது? கணிக்கும் முறைகள் பற்றிய ஓர் ஒப்பீடு

தமிழ் விக்கிப்பீடியாவின் இரண்டு இலட்சமாவது கட்டுரை எந்த ஆண்டில் எழுதப்படும் என்ற கேள்வியைத் திருகோணமலையில் நாங்கள் சிலர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்து பல மாலைகள் பேசியிருக்கிறோம். ஒருவர் பெருக்கக் கணக்கை நம்பினார்; இன்னொருவர் நேர்கோட்டை நம்பினார்; ஆசிரியரோ எந்த வளர்ச்சியும் ஓர் உச்சத்தில் நின்றுவிடும் என்றார். இம்மூன்றையும் உரசிப் பார்க்க ஆங்கில விக்கிப்பீடியாவே நல்ல உரைகல்; 2001 சனவரி 15 அன்று தொடங்கிய அதன் ஒவ்வொரு மில்லியனும் எப்போது நிறைவடைந்தது என்பது பதிவில் இருக்கிறது.

பெருக்கக் கணக்கை விரைவாகவே விலக்கிவிடலாம். ஆங்கில விக்கிப்பீடியா தன் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கொரு முறை ஏறத்தாழ இரட்டித்து, 2006 மார்ச்சில் ஒரு மில்லியனை எட்டியது. அதே வேகம் தொடர்ந்திருந்தால் 2009 இல் எட்டு மில்லியன் வந்திருக்க வேண்டும், வந்தது மூன்று. தமிழிலும் இதே கதைதான். 2012 இன் இறுதியில் 50,000 ஆக இருந்த கட்டுரைகள் 2017 மே மாதத்தில் ஓர் இலட்சமாயின. அந்த இரட்டிப்பு மீண்டும் நிகழ்ந்திருந்தால் இரண்டு இலட்சம் 2021 இலேயே நிறைந்திருக்கும்.

உச்சவரம்புக் கணக்கு கேட்பதற்கு அறிவார்ந்தது. எழுதத்தக்க தலைப்புகள் தீரத் தீர வளர்ச்சி தளரும் என்பதே அதன் அடிப்படை. முதலில் விரைந்தேறிப் பின் ஓர் உச்சத்தை நோக்கித் தளரும் கொம்பெர்ட்சு வளைகோட்டைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவின் எல்லை 4.4 மில்லியன் என்று ஒரு காலத்தில் கணித்தார்கள். 2015 நவம்பரில் அது ஐந்து மில்லியனைத் தாண்டிப் போனது. தளர்ச்சி உண்மை, சுவர்தான் இல்லை. தமிழுக்கோ இம்முறை அடியோடு பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். நம்மிடம் எழுதப்படாத தலைப்புகள் மலைபோல் குவிந்துள்ளன. குறைவாக இருப்பவை எழுதும் கைகளே.

நேர்கோட்டு முறையில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் தரம் மாறுகிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு மில்லியனுக்கும் இடைப்பட்ட காலம் முறையே 18, 23, 35, 40, 51, 64 மாதங்கள். முதல் இடைவெளியை மட்டும் பிடித்துக்கொண்டவர் ஆறாவது மில்லியனை 2013 இல் எதிர்பார்த்திருப்பார். அது 2020 சனவரியில்தான் வந்தது. ஐந்தாவது மில்லியன் வந்தபோது கடைசி இடைவெளியாக இருந்த 40 மாதங்களை எடுத்தவர் பத்து மாதங்களே பிசகினார். இன்னும் ஒரு படி போய், இடைவெளி எவ்வளவு நீண்டது என்பதையும் கூட்டிக்கொண்டால் கணிப்பு மேலும் நெருங்குகிறது: 40 இலிருந்து 51 ஆக, அதாவது 11 மாதங்கள் நீண்டது, அடுத்தது 62 மாதங்கள் என்று கொண்டால் ஏழாவது மில்லியன் 2025 மார்ச்சில் வர வேண்டும். அது மே மாதத்தில் வந்தது. இந்தத் திருத்தம் எப்போதும் இவ்வளவு துல்லியமாக அமையாது. ஐந்தாவது மில்லியனுக்கு இதே வழி ஏழு மாதங்கள் பிந்திய திகதியைக் காட்டியிருக்கும். ஆயினும் மற்றவற்றின் பிசகு ஏறத்தாழ ஓர் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் வரை இருக்கையில் இது மாதக்கணக்கில் நிற்கிறது.

பயனர்கள் பலர் ஆளுக்கொரு திகதியை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஊகப் போட்டியும் ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. அதில் ஒருவர் வெல்வார் என்பது நிச்சயம். ஆனால் அடுத்த முறை எவரை நம்புவது என்பதற்கு அது வழி சொல்வதில்லை.

எல்லா முறைகளையும் ஒருசேரக் கவிழ்க்கக் கூடியது தானியங்கி, அதாவது தரவிலிருந்து தானாகவே கட்டுரைகளை உருவாக்கும் மென்பொருள். 2002 இல் ராம்பொட் என்ற தானியங்கி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து ஏறக்குறைய 30,000 ஊர்க் கட்டுரைகளை ஆங்கிலத்தில் உருவாக்கியது. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியா ஆறு மில்லியனைக் கடந்ததும் பெரும்பாலும் தானியங்கியாலேயே. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 230 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஓர் அட்டவணையைக் கொடுத்தால் தானியங்கி ஒரே இரவில் 230 கட்டுரைகளை எழுதிவிடும். கன்னியா வெந்நீரூற்றுகளைப் பற்றியோ, மூதூர்ப் பக்கம் மகாவலி கடலோடு சேரும் இடத்தைப் பற்றியோ ஒருவர் நூல்களைப் புரட்டி எழுதும் ஒரேயொரு கட்டுரைக்குப் பல மாலைகள் வேண்டும். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்றுதான். இது எனக்கு மனவருத்தம் தருவதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே நான் தேர்வது, கடைசி இடைவெளியையும் அதன் நீட்சியையும் கொண்டு போடும் நேர்கோட்டை. அதுவும், மனிதர் எழுதியவற்றை ஒரு நிரலிலும் தானியங்கி எழுதியவற்றை வேறொரு நிரலிலும் பிரித்து, நீக்கப்பட்டவற்றையும் இணைக்கப்பட்டவற்றையும் கழித்த பிறகு. ஆசிரியர் தம் குறிப்பேட்டில் இப்போது அவ்வாறே இரண்டு நிரல்கள் இட்டிருக்கிறார். திகதியை முதல் நிரலிலிருந்து மட்டுமே கணக்கிடுவது என்று அந்த விறாந்தையில் உடன்பட்டிருக்கிறோம்.